கடற்காற்று வருமுன்: வட சென்னையில் கிளைடர் பறக்கவிட வானிலைக்காகக் காத்திருக்கும் முறை

கிளைடர் என்னும் சிறு மாதிரி விமானத்துக்கு எஞ்சின் கிடையாது. எறிந்த கையின் வேகம் தீர்ந்ததும் அதைத் தாங்கிப் பிடிப்பது காற்று ஒன்றே என்பதால், கிளைடர் பறக்கவிடுகிறவருடைய நாளில் பெரும்பகுதி காத்திருப்பதிலேயே கழிகிறது. அந்தக் காத்திருப்புக்கும் ஒரு முறை உண்டு. அதைப் பழகிக்கொண்டவர் கிடைக்கும் ஒரு மணி நேர நல்ல காற்றை முழுதாகப் பயன்படுத்திக்கொள்கிறார். பழகாதவர் விடியலிலிருந்து மைதானத்தில் நின்றிருந்தும் அந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிடுகிறார். நான் திருவொற்றியூரில் வசிப்பவன். பால்சா என்னும் மிக இலேசான மரத்தில் செய்த சிறு கிளைடர்களை மணலி புதுநகருக்கு அப்பால் உள்ள ஒரு தரிசு நிலத்தில் பல ஆண்டுகளாகப் பறக்கவிட்டு வருகிறேன். இறக்கை 75 செ.மீ. நீளத்துக்கும், மொத்த எடை 50 கிராமுக்கும் மேற்படாத, தொலைவிலிருந்து இயக்கும் ரேடியோ இல்லாமல் கையால் எறியும் கிளைடர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

வட சென்னையில் வானிலை பற்றிய கேள்விகள் எல்லாம் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து சேர்கின்றன: இன்று கடற்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வரும்? விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசிக்கொண்டிருந்த கரைக்காற்று ஓய்ந்து, வெயில் ஏறி, நிலம் சூடாகி, ஆங்காங்கே வெப்பக்காற்று தூண்போல மேலெழத் தொடங்கும். பிறகு கடலிலிருந்து குளிர்ந்த, கனமான காற்று நுழைந்து அந்த எழுச்சியை அடக்கிவிடும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம்தான் நமக்குக் கிடைக்கும் நாள். சில நாட்களில் அது நான்கு மணி நேரம் நீளும். சில நாட்களில் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். மேலெழும் அந்த வெப்பக்காற்றைப் பறக்கவிடுவோர் தெர்மல் என்று சொல்கிறோம். கையால் எறிந்த கிளைடர் 10 மீட்டர் உயரம் போய், விநாடிக்கு அரை மீட்டர் வீதம் இறங்கினால் 20 விநாடியில் தரையைத் தொட்டுவிடும். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் எழும் தெர்மலுக்குள் அதே கிளைடர் புகுந்துவிட்டால், இறங்க வேண்டியது ஏறிக்கொண்டே போகும். முதன்முறை அதைக் கண்ணால் பார்த்தவர், பிறகு எத்தனை காலை வேண்டுமானாலும் காத்திருக்க அணியமாகிவிடுவார்.

எந்த மாதத்தில் எதை எதிர்பார்க்கலாம்

பொங்கலிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை உள்ள காலமே புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஏற்றது. மழை அரிது, வானம் தெளிந்திருக்கும், விடியற்காலையில் இலை அசையாது. போகியன்று விடியலில் தெருவெங்கும் எழுந்த புகை மேலே போகாமல் கூரை உயரத்திலேயே படர்ந்து நிற்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, அதன்மேல் சூடான காற்று மூடிபோலக் கிடப்பதே அதற்குக் காரணம். அந்த மூடி வெயிலில் கரையும் வரை தெர்மல் எதுவும் பிறக்காது. இம்மாதங்களில் மூடி கரைய ஒன்பது மணியாகும். கடற்காற்றோ பத்து, பதினொரு மணிக்கெல்லாம் வந்துவிடும். ஆகவே கிடைக்கும் இடைவெளி சிறியது. ஆனால் காற்று மென்மையானது, தவறு செய்தாலும் கிளைடர் அதிகத் தொலைவு போகாது.

ஏப்ரலும் மேயும் வலிமையான மாதங்கள். கத்திரி வெயிலில் எட்டு மணிக்கே எழுச்சி தொடங்கிவிடும். மேற்கிலிருந்து வரும் நிலத்துக் காற்று வலுத்த நாட்களில் கடற்காற்று கரையிலேயே தடுக்கப்பட்டு நண்பகலுக்கு மேல்தான் உள்ளே வரும். வராமலே போகும் நாளும் உண்டு. சென்னையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட நாட்களில்தான். 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது இன்றும் பலருக்கு நினைவிருக்கும். கடற்காற்று தாமதமாகும் நாளில் கிளைடருக்கு நேரம் கூடுகிறது, மனிதருக்கு ஆபத்தும் கூடுகிறது. இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை, மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேற்கு, தென்மேற்குக் காற்று பகலெல்லாம் அடிக்கும். மாலையில் இடிமழை மேற்கிலிருந்து வரும். இக்காலத்தில் காலை ஆறு முதல் எட்டு வரை பறக்கவிட்டுவிட்டு வீடு திரும்புவதே நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக்காலம். நான் இக்காலத்தைப் புதிய கிளைடர் செய்யவும் பழையதைப் பழுது பார்க்கவும் ஒதுக்கிவிடுகிறேன்.

இடமும் தொலைவும்

ரேடியோ இல்லாத கிளைடர் காற்றோடு சேர்ந்து நகரும். மணிக்கு 10 கி.மீ. வேகக் காற்றில் இரண்டு நிமிடம் மிதந்தால் அது ஏறக்குறைய 330 மீட்டர் தள்ளிப் போய் இறங்கும். இந்த ஒரு கணக்கே இடத்தையும், அந்த இடத்தில் நாம் நிற்க வேண்டிய மூலையையும், சில நாட்களில் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. ஊருக்குள் உள்ள பள்ளி மைதானம் 100 மீட்டர்தான் இருக்கும். அங்கே விடியற்காலை அசைவற்ற காற்றில் சோதனை எறிதல் மட்டும் செய்யலாம். கோடையில் வற்றிய ஏரிப்படுகையும் பயிர் இல்லாத தரிசும் மிக நல்ல இடங்கள். அவை அகன்றவை, மண் வெளிறிக் காய்ந்திருப்பதால் விரைவில் சூடாகக்கூடியவை. கன்டெய்னர்களை அடுக்கிவைத்த யார்டுகளின் மேலும், தகரக் கூரைகளின் மேலும் எழுச்சி வலுவாக இருக்கும். எண்ணூர் கழிமுகம் போன்ற நீர்ப்பரப்பின் மேல் காற்று இறங்கும். யார்டு காற்று வரும் பக்கத்திலும் நீர்ப்பரப்பு தொலைவிலும் இருக்கும்படியான நிலம் கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

கடற்கரையை நாடத் தோன்றும். எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிக் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைச் சுவரில் கடற்காற்று மோதி மேலெழுவது உண்மை. ஆனால் அந்த எழுச்சி சுவரின் உயரத்தைப் போல ஓரிரு மடங்குக்கு மேல் எட்டாது. தவறினால் பாறையில் மோதி இறக்கை சிதறும். சுத்திகரிப்பு ஆலை, துறைமுகம், அனல்மின் நிலையம் ஆகியவற்றின் அருகே எதையும் பறக்கவிடக் கூடாது. ரேடியோ வைத்த கிளைடரானால் 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளை முதலில் படித்துக்கொண்டு, டிரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் அந்த இடம் பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகியவற்றில் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்த்த பிறகே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வட சென்னையில் வானத்தில் எதைப் பறக்கவிட்டாலும் மாஞ்சா நூலின் கொடுமையை அறிந்த மக்கள் கவலையோடு வந்து கேட்பார்கள். அவர்கள் கேட்பது நியாயமே. கிளைடரைக் கையில் கொடுத்து, இதில் நூலே இல்லை என்று காட்டிவிடுங்கள்.

முந்தின இரவு

இரவு ஏழு மணிக்கு மேல் மூன்று செய்திகளைப் பார்த்தால் போதும். முதலாவது, தரையிலிருந்து ஒன்று, ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் மறுநாள் காலை வீசவிருக்கும் காற்றின் திசையும் வேகமும். விண்டி போன்ற வானிலைத் தளங்களில் உயரத்தை மாற்றி இதைப் பார்க்கலாம். அந்த உயரத்தில் மேற்குக் காற்று வலுவாக இருந்தால் கடற்காற்று தாமதமாகும். காற்று மெலிந்தோ கிழக்கிலிருந்தோ இருந்தால் சீக்கிரமே வந்துவிடும். தரைக்காற்றை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் அடிக்கடி ஏமாறுவது இந்த ஒரு செய்தியைப் பாராமல் விடுவதால்தான்.

இரண்டாவது, மறுநாளைய வெப்பநிலையும் பனிநிலையும். காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலையே பனிநிலை. இரண்டுக்கும் இடையே உள்ள ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் 125 மீட்டர் என்று பெருக்கினால், வெயிலில் உருவாகும் பஞ்சுமேகத்தின் அடிப்பாகம் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். வெப்பம் 33, பனிநிலை 25 என்றால் வேறுபாடு 8. மேக அடி 1000 மீட்டர். நம் கிளைடர் அவ்வளவு உயரம் போகப் போவதில்லை. ஆனாலும் மேக அடி தாழ்ந்திருந்தால் காற்றில் ஈரம் மிகுதி என்றும், மாலைக்குள் இடிமேகம் கூடலாம் என்றும் எச்சரிக்கையாக இருக்கலாம்.

மூன்றாவது, வானிலை ஆய்வுத் துறையின் இடிமழை எச்சரிக்கை. அது இருந்தால், பறக்கவிடும் நேரத்தைக் காலை ஒன்பது மணியோடு முடித்துக்கொள்வதாக இரவிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். போகலாமா வேண்டாமா என்ற கடைசி முடிவை மட்டும் இரவில் எடுக்க வேண்டாம். கணினி காட்டும் கடற்காற்று நேரம் இரண்டு மணி நேரம் முன்பின்னாக மாறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த முடிவு விடியலில் வெளியே வந்து வானத்தைப் பார்த்த பிறகு எடுக்க வேண்டியது.

இரவில் செய்ய வேண்டிய கைவேலை ஒன்று உண்டு. பால்சா மரம் ஈரத்தை இழுக்கும். கடலோர வீட்டில் ஒரு வாரம் சுவரில் மாட்டியிருந்த இறக்கை சிறிதளவாவது முறுக்கியிருக்கும். இறக்கையைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து பின்விளிம்பின் வழியே பார்த்து, முறுக்கு இருந்தால் சமதளமான பலகையில் கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்துவிடுங்கள். எடுத்துச் செல்ல நான் பயன்படுத்துவது காசிமேட்டில் மீன் அனுப்பும் தெர்மோகோல் பெட்டி. வெயிலும் ஈரமும் உள்ளே புகாது. இருசக்கர வண்டியில் கட்டினால் மேம்பாலத்துக் காற்றிலும் இறக்கை முறியாது. வாங்கியதும் நன்றாகக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவைத்துவிட்டால் வாடை போய்விடும்.

விடியலில் புகைபோக்கியைப் பார்ப்பது

வட சென்னையில் வாழ்கிறவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காத ஒரு காற்றுமானி உண்டு: வடக்கே அத்திப்பட்டுப் பக்கம் உயர்ந்து நிற்கும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். அந்தப் புகையை நாம் சுவாசிக்க நேர்வதைப் பற்றி எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. ஆனால் நூற்றுக்கணக்கான அடி உயரத்தில் காற்று என்ன செய்கிறது என்பதை அது ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடுகிறது.

ஆறு மணிக்குப் புகை, வாயை விட்டு வெளியே வந்ததும் படுத்துக்கொண்டு, மேலும் கீழும் பரவாமல், தட்டையான நாடாபோல வெகு தூரம் நீண்டு கிடக்கும். காற்றின் மேலே மூடி இன்னும் இருக்கிறது என்பதற்கு இது அடையாளம். இந்த நேரம் கிளைடரைச் சீர்செய்வதற்கு உரியது. தலையில் கொஞ்சம் களிமண் கூட்டியோ குறைத்தோ, வாலின் விளிம்பை நகக்கண் அளவு வளைத்தோ, எறிந்த கிளைடர் ஒரு பக்கமாக மெல்லச் சுற்றி, மூக்கு குத்தாமலும் மேலே தாவித் தாவி விழாமலும் இறங்கும்படி செய்துகொள்ளுங்கள். அசைவற்ற காற்றில் செய்யாத சீர்திருத்தத்தை வெயில் ஏறிய பிறகு செய்யவே முடியாது. அப்போது கிளைடர் ஏறியது நம் கைத்திறத்தாலா தெர்மலாலா என்று பிரித்தறிய வழியிருக்காது. புல்லில் பனி இருந்தால் ஒரு துணியை விரித்து அதன்மேல் இறங்கும்படி எறியுங்கள், ஒவ்வொரு முறையும் துடைத்துவிடுங்கள்.

எட்டரை, ஒன்பது மணிவாக்கில் நாடா குலையத் தொடங்கும். ஒரு துண்டு மேலே தூக்கப்படும், அடுத்த துண்டு கீழே அமுங்கும், பிறகு புகை முழுவதும் பாம்பு நெளிவதுபோல நெளிந்து போகும். எழும் காற்றும் இறங்கும் காற்றும் மாறி மாறி அதைக் கடந்து செல்வதையே நாம் பார்க்கிறோம். நெளிவு தொடங்கியதும் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடம் முதல் நம் நேரம் ஓடத் தொடங்கிவிட்டது. புகை நெளியாமல் ஒரே சீராகக் கூம்புபோல விரிந்து போனால், காற்று பலமாக இருக்கிறது அல்லது வானம் மூடியிருக்கிறது என்று பொருள். அன்றைக்குத் தெர்மல் மெலிவாகவே இருக்கும்.

மைதானத்தில் காத்திருக்கும் நேரம்

மூன்று மீட்டர் மூங்கில் கழியின் நுனியில் பழைய கேசட் நாடாவை இரண்டு முழ நீளத்துக்குக் கட்டி, காற்று வரும் பக்கமாகப் பத்தடி தள்ளி நட்டுவிடுங்கள். எடையே இல்லாத அந்த நாடா, முகத்தில் உணர முடியாத காற்றையும் காட்டும். தெர்மல் தன் அடியில் சுற்றுப்புறக் காற்றை உள்ளிழுத்துக்கொண்டே நகர்கிறது. ஆகவே அது காற்று வரும் திசையில் நம்மை நெருங்கும்போது வீசிக்கொண்டிருந்த காற்று தளர்ந்து, நாடா தொய்ந்து, முகத்தில் இளஞ்சூடு படும். அது நம்மைக் கடந்து போனதும் பின்னாலிருந்து இழுப்பதுபோல் காற்று வலுக்கும், உடம்பு குளிரும். எறிய வேண்டியது நாடா தொய்ந்து சூடு பட்ட அந்தச் சில விநாடிகளில்தான். காற்று வலுத்த பிறகு எறிகிறவர், புறப்பட்டுப் போன பேருந்தின் பின்னால் ஓடுகிறவர்.

எருக்கங்காய் வெடித்து நிற்கும் காலமானால் அதைவிடச் சிறந்த கருவி வேறில்லை. தரிசில் எங்கும் நிற்கும் எருக்கஞ்செடியிலிருந்து காய்ந்த காயைப் பறித்து, விதையைக் கிள்ளிவிட்டுப் பஞ்சை மட்டும் விரல்நுனியில் வைத்து ஊதிவிடுங்கள். செடியின் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பஞ்சு தரையோடு சாய்ந்து போனால் காத்திருக்கலாம். தலைக்கு மேல் எழுந்து, நின்று, பிறகு வெயிலில் மின்னிக்கொண்டே சுழன்று மேலே போனால், அந்தப் பஞ்சு போகும் வழியிலேயே கிளைடரை எறியுங்கள்.

மேலே பார்க்கவும் மறக்கக் கூடாது. கொடுங்கையூர்க் குப்பைமேட்டிலும் காசிமேட்டிலும் இரை தேடும் கரும்பருந்துகள் வெயில் ஏறியதும் தெர்மலைப் பிடித்து மேலேறுகின்றன. இறக்கையை ஒருமுறைகூட அடிக்காமல் வட்டமிட்டு ஏறும் பருந்துக்கு அடியில் தெர்மல் இருக்கிறது. இறக்கையை அடித்துக்கொண்டு நேராகப் போகும் பருந்திடம் நமக்கு எந்தச் செய்தியும் இல்லை. நாடா, பஞ்சு, பருந்து ஆகிய மூன்றில் இரண்டேனும் ஒத்துச் சொல்லும் வரை நல்ல கிளைடரைப் பெட்டியை விட்டு எடுக்காதீர்கள். கை சும்மா இருக்காது என்பதை அறிந்தே, பலமுறை ஒட்டுப்போட்ட பழைய கிளைடர் ஒன்றை உடன் வைத்திருக்கிறேன். காத்திருக்கும் நேரத்தில் அதை எறிந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். போனால் பெரிய இழப்பில்லை.

காற்றின் வேகத்துக்குக் கருவி தேவையில்லை. இலைகள் சலசலத்து முகத்தில் காற்று பட்டால் மணிக்கு 6 முதல் 11 கி.மீ.; இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடி, கட்சிக்கொடி விரிந்து நின்றால் 12 முதல் 19; தரையிலிருந்து புழுதியும் காகிதமும் எழுந்தால் 20க்கு மேல். நம் கிளைடருக்கு முதல் நிலை நல்லது, இரண்டாம் நிலையில் பழைய கிளைடர் மட்டும், மூன்றாம் நிலையில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

கரையிலிருந்து வரும் அழைப்பு

கடற்காற்று கரையைத் தொட்டதிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் எங்கள் தரிசுக்கு வந்துசேர ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். கரையில் ஒருவர் இருந்தால் அந்த அரை மணி நேரமும் நமக்கு லாபம். என் தாய்மாமன் மகன் காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலில் இருக்கிறான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்க, அவன் அங்கேயே அமர்ந்து வலை சீர் செய்துகொண்டிருப்பான். படகுகளின் உச்சியில் பறக்கும் கொடிகள் அதுவரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊரைப் பார்த்துத் திரும்பினால் உடனே கைபேசியில் அழைப்பான். “மச்சான், கொடி திரும்பிடுச்சு. அரை மணி நேரத்துல உன்னாண்ட வந்துரும்.” கடலோரத்தில் உறவோ நட்போ இல்லாதவர் வட சென்னையில் அரிது. இப்படி ஒருவரை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

அழைப்பு வராத நாட்களில் வேறு அடையாளங்களை நம்ப வேண்டும். கிழக்கு வானத்தில் பஞ்சுமேகங்கள் கரைந்து வெளி வாங்கி, மேற்கே மட்டும் அவை வரிசையாக நிற்கத் தொடங்கினால் கடற்காற்று கரையைக் கடந்துவிட்டது. பருந்துகள் ஒரு வரிசையில் கூடி ஏறுவதும், காற்றில் ஈர உப்பு வாடை கலப்பதும் அதற்கு அடுத்த அடையாளங்கள். இவற்றுக்கெல்லாம் முன்பு ஓர் அமைதி வரும். அதைப் பற்றி நான் விலை கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு மே மாதக் காலை, ஆறு மணியிலிருந்து காத்திருந்தேன். மேற்குக் காற்று விடவே இல்லை. பதினொன்றைக் கடந்து சிறிது நேரத்தில் காற்று சட்டென்று நின்றது. நாடா கழியோடு ஒட்டித் தொங்கியது. ஐந்து மணி நேரக் காத்திருப்பின் தவிப்பில், இதுதான் தெர்மல் என்று முடிவு செய்து, இரண்டு மாதம் உழைத்துச் செய்த கிளைடரை எறிந்தேன். அது எறிந்த இடத்துக்கு மேலேயே இரண்டு சுற்று ஏறியது. மூன்றாவது சுற்றில் என் முதுகில் குளிர்ந்த காற்று பட்டது. கடற்காற்றின் முனை வந்துவிட்டிருந்தது. கடலிலிருந்து வரும் கனத்த காற்று நிலத்துக் காற்றின் அடியில் புகுந்து அதைத் தூக்கிக்கொண்டே முன்னேறுவதால், அந்த முனையில் எழுச்சி எந்தத் தெர்மலையும்விட வலியது. கிளைடர் புள்ளியாகி, மேற்கே நகர்ந்து, என் கண்ணை விட்டு மறைந்தது. மூன்று நாள் கழித்து மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிச் சிறுவன் அழைத்தான். “அண்ணே, ரெக்கையில உங்க நம்பர் இருக்குண்ணே” என்றான். இறக்கையின் அடியில் கைபேசி எண்ணைப் பெரிதாக எழுதி வைத்திருந்ததால்தான் அது திரும்பி வந்தது.

தெர்மல் நெருங்கும்போது வரும் தளர்ச்சி அரை நிமிடம், ஒரு நிமிடம்தான். அதோடு சூடும் வரும். கடற்காற்றுக்கு முன் வரும் அமைதி பல நிமிடம் நீடிக்கும். அதில் புழுக்கம் இருக்கும், வீச்சு இருக்காது. ஆகவே காற்று நின்றதும் மனத்துக்குள் அறுபது எண்ணுங்கள். அறுபதைத் தாண்டியும் நாடா தொங்கினால் கிளைடரைக் கீழே வையுங்கள். வாலைச் சட்டென்று மேலே தூக்கிக் கிளைடரைத் தட்டையாகக் கீழிறக்கும் சிறு விசையைப் பொருத்திக்கொள்வது இன்னும் பாதுகாப்பானது. அக்காலத்தில் மெல்லக் கனலும் திரி, ரப்பர் வளையத்தைச் சுட்டு அறுக்கும்படி வைத்து இதைச் செய்தார்கள். கோடையில் காய்ந்த புல் நிறைந்த தரிசில் அது தீயை உண்டாக்கும் என்பதால் நான் அதை ஏற்கவில்லை. சாவி கொடுக்கும் பொம்மையிலிருந்து எடுத்த சிறு சக்கர அமைப்பை வைத்தே ஒன்றரை நிமிடத்தில் வால் தூக்கும்படி செய்துவிடலாம்.

இடி கேட்டால்

இதில் மட்டும் காத்திருந்து பார்ப்போம் என்ற பேச்சுக்கு இடமில்லை. மின்னலைக் கண்டதிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர்; முப்பது விநாடிக்குள் கேட்டால் இடிமேகம் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. முதலில் மூங்கில் கழியைச் சாய்த்துவிட்டு, திறந்த வெளியையும் தனிமரத்தையும் விட்டு நீங்கி, கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆன பிறகே வெளியே வரலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மதியத்துக்கு மேல் மைதானத்தில் இருக்க நேர்ந்தால், சென்னைத் துறைமுகத்தில் உள்ள வானிலை ரேடாரின் படத்தை அரை மணிக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். திருவள்ளூர்ப் பக்கம் சிவப்புத் திட்டு தோன்றிக் கிழக்கே நகர்ந்தால் அதற்குமேல் தங்க வேண்டாம். மின்னல் எச்சரிக்கைக்குப் புனேயின் வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி உதவும். மேகம் தலைக்கு மேல் வருமுன்பே அதன் குளிர்ந்த கீழ்க்காற்று மேற்கிலிருந்து புழுதியோடு பாய்ந்து வரும். தொடுவானத்தில் செம்மண் நிறம் எழுவதைக் கண்ட பிறகு கிளைடரைத் தேடி ஓடாதீர்கள், அது எவ்வளவு அருமையானதாக இருந்தாலும்.

வெயிலும் அப்படித்தான். தலைக்கு ஒரு குடை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட மோர், இவை இல்லாமல் மே மாதத்தில் ஒன்பது மணிக்கு மேல் நிற்கக் கூடாது. பிள்ளைகளை அழைத்து வந்திருந்தால் பத்து மணிக்கு அவர்களை நிழலுக்கு அனுப்பிவிடுங்கள். கிளைடரைத் தேடித் தரிசில் நடக்கும்போது மூடிய காலணி அணிந்திருக்க வேண்டும். கருவேல முள் செருப்பைத் துளைத்துவிடும். புதரில் பாம்பும் இருக்கும்.

எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதற்கு எனக்கு நானே வகுத்துக்கொண்ட எல்லை ஒன்று உண்டு: பத்தரை மணிக்குள் புகை நெளியவும் இல்லை, ஒரு பருந்தும் வட்டமிடவும் இல்லை என்றால் கிளம்பிவிடுவேன். பன்னிரண்டு மணி வரை நின்றால் ஏதாவது வராதா என்ற ஆசையில் எறிந்த கிளைடர்களே என்னிடம் அதிகம் உடைந்திருக்கின்றன. பிப்ரவரி, மார்ச்சில் மட்டும் மாலை ஐந்தரைக்கு மேல் கடற்காற்று தளரும்போது இன்னொரு வாய்ப்பு உண்டு. எழுச்சி இருக்காது, ஆனால் காற்று எண்ணெய்போல வழுவழுப்பாக இருக்கும். காலையில் சரியாக அமையாத சீர்திருத்தத்தை இருட்டுவதற்குள் முடித்துவிடலாம்.

வீட்டுக்கு வந்து கிளைடரைத் துடைத்துப் பலகையில் வைத்த கையோடு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஐந்து நேரங்களை எழுதிவிடுங்கள்: புகை நெளியத் தொடங்கிய நேரம், முதல் பருந்து வட்டமிட்ட நேரம், காசிமேட்டில் கொடி திரும்பிய நேரம், மைதானத்தில் குளிர்ந்த காற்று பட்ட நேரம், கடைசியாக எறிந்த நேரம். பக்கத்திலேயே முந்தின இரவு உயரத்துக் காற்று எந்தத் திசை, என்ன வேகம் என்று பார்த்ததையும் எழுதுங்கள். இரண்டு கோடைகாலம் இப்படி எழுதிய பிறகு, உயரத்துக் காற்று மேற்கிலிருந்து மணிக்கு 30 கி.மீ. என்று இரவில் பார்த்ததுமே, அதேபோன்ற பழைய நாட்களைப் புரட்டி, நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டியைக் கிளப்ப வேண்டும் என்று என்னால் சொல்ல முடிகிறது.